இரண்டு நிலை வைத்த ஆறாம் வகுப்பு

சாவியைப் பாவாடை இடுப்பில் செருகியிருந்தேன். இரும்புச் சாவி, என் உள்ளங்கை நீளம் இருக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடி வந்ததில் அது உரசி உரசி வயிற்றுத் தோல் வழண்டு எரிந்தது.

பங்குனி வெயில். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் புதிதாகக் கட்டிய அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் தோல் பை, கையில் அளவு நாடா. அந்த அறைக்கு இரண்டு வாசல். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. இரண்டிலும் பூட்டு. அவர் மேற்கு வாசலைப் பார்த்தார், சுற்றிப் போய்க் கிழக்கு வாசலைப் பார்த்தார், திரும்பி வந்து எங்கள் தலைமை ஆசிரியர் சங்கரலிங்கம் சாரைப் பார்த்தார்.

"உள்ள போயி அளக்காம நான் என்னத்த எழுதுறது?" என்றார்.

சார் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, இதோ திறந்துவிடுவார்கள் என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடியப் போகிறது. அந்த அறையை அவர் அளந்து எழுதினால் எங்கள் ஊருக்கு ஆறாம் வகுப்பு வரும். எழுதாவிட்டால் என் படிப்பு அன்றோடு சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டவர்கள் எல்லாம் பெரியவர்கள்தான்.

அந்தப் பிள்ளை அங்கேயே நிற்கட்டும். அதற்குள் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கண்மாயைப் பற்றி நான் புலம்பியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகர், "உங்கள் ஊரில் ரசிக்கும்படி ஒன்றுமே இல்லையா அம்மா?" என்று கடிதம் போட்டிருந்தார். இருந்தது ஐயா. ஒரு கட்டடம் இருந்தது. முழுக்கப் படித்துவிட்டு ரசியுங்கள்.

பருத்திக் கிட்டங்கி

எங்கள் ஊர் பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவில் உள்ளடங்கிக் கிடக்கிற ஊர். கரிசல் மண். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், மல்லி. பெய்யாவிட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கட்டப்பட்டதல்ல. அருப்புக்கோட்டை வியாபாரி ஒருவர் பருத்தி அடைக்கக் கட்டிய கிட்டங்கி அது. எந்தக் காலத்தில் என்று கேட்டால் வெள்ளைக்காரன் காலம் என்பார்கள். எங்கள் ஊரில் தங்களுக்கு முந்திய எல்லாமே வெள்ளைக்காரன் காலம்தான். டவுனில் பஞ்சு மில் வந்த பிறகு பருத்தி வண்டிகள் நேரே அங்கே போய்விட்டன. கிட்டங்கி சும்மா கிடந்தது. ஊர் அதை வாங்கிப் பள்ளிக்கூடம் ஆக்கியது.

சுவர் இரண்டு முழம் தடிமன். ஓடையில் பொறுக்கிய சுக்கான் கல்லைச் சுட்டு, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்த சுண்ணாம்புக் காரை. நகத்தால் கீறினால் நகம்தான் உடையும். மேலே பனங்கை பரப்பி நாட்டு ஓடு. நடு விட்டத்தில் தராசு தொங்கவிட்ட கொக்கி அப்படியே இருந்தது. தரை, மாட்டு வண்டியின் மட்டத்துக்கு உயர்ந்திருக்கும். மூட்டையை வண்டியிலிருந்து அப்படியே உள்ளே உருட்டுவதற்கான ஏற்பாடு. மூட்டைக்கு வசதி, எங்களுக்கு இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையூன்றி ஏறி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டுதான் கல்வி கற்கப் போனார்கள்.

ஜன்னல் கிடையாது. பருத்திக்குக் காற்று வேண்டும், ஆனால் கள்ளன் கண் படக்கூடாது. அதனால் ஓட்டுக்குக் கீழே, ஆள் எட்டாத உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். வெளிச்சம் அந்த வழியாகத் துண்டு துண்டாகத் தரையில் விழும். காலையில் மேற்கு ஓரத்தில் விழும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கு ஓரத்துக்குப் போகும். நாங்களும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அது கூடவே நகருவோம். ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம். இரண்டாம் வகுப்பின் வாய்ப்பாட்டுக்கு நடுவில் ஐந்தாம் வகுப்பின் ஆறுகள் ஓடும்.

காலனிப் பிள்ளைகளுக்கு வடக்கு மூலை. வெளிச்சம் அந்தப் பக்கம் ஒருபொழுதும் எட்டாது. நாங்கள் நகர்ந்தோம், அவர்கள் நகரவில்லை. நான் அதைத் தினமும் பார்த்தேன், ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. என் வயிற்றெரிச்சலை எழுத உட்கார்ந்தவள் இதை விட்டுவிட்டால் நியாயமாகாது.

இப்போது அந்தக் கட்டடத்தைப் போட்டோ எடுக்கக் காரில் ஆள் வருகிறதாம். அந்தக் கால வேலைப்பாடு, என்ன அழகு என்கிறார்களாம். உள்ளே சம்மணம் போட்டு ஐந்து வருடம் உட்கார்ந்தவளைக் கேளுங்கள். மூச்சு முட்டும்.

பங்காளிகள்

ஆறாம் வகுப்பு ஆசையை ஊருக்குள் கொண்டுவந்தவர் சங்கரலிங்கம் சார்தான். அருப்புக்கோட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். எங்கள் வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊருக்கு ஆறாம் வகுப்பு தரப்போகிறார்கள், ஊரே ஒரு அறை கட்டித் தரவேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்த்துச் சரியென்று எழுத வேண்டும் என்று சொன்னார்.

பையன்களுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. வசதி உள்ளவர்கள் ஐந்தாவது முடித்ததும் மகனை அருப்புக்கோட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்பிள்ளையை யார் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள்? அந்த அறை எங்களுக்குத்தான்.

என் அய்யாதான் முதலில் சரி என்றார். அதை நான் மறைக்கப் போவதில்லை. நான் மனக்கணக்கு நன்றாகப் போடுவேன் என்று சார் சொல்லிச் சொல்லி அவருக்கு அதில் ஒரு பெருமை. "எம்மக எட்டு வரைக்கும் படிக்கட்டும்" என்று ஊர்க்கூட்டத்திலேயே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஊரில் இரண்டு பெரிய வீடு. எங்களுடையது மேலவீடு. கீழவீட்டுக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. அவரும் அய்யாவும் ஒரே தாத்தாவின் பேரன்கள், அதாவது பங்காளிகள். கோயிலில் முதல் மரியாதை ஒரு வருடம் எங்களுக்கு, மறுவருடம் அவர்களுக்கு. கோயிலுக்கு அப்படி ஒரு முறை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இல்லை.

கரிசலில் வீடு கட்டுவது லேசில்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பாளம் பாளமாகப் பிளக்கும், சுவரைத் தூக்கிச் சாய்த்துவிடும். அதனால் அஸ்திவாரக் குழியை ஆழமாகத் தோண்டி, ஓடை மணலை அடைத்து, அதற்கு மேல்தான் கல் வைக்க வேண்டும். இரண்டு வீட்டு வண்டிகளும் சேர்ந்தே மணலுக்குப் போயின. அய்யாவும் பெரியப்பாவும் ஒரே செம்பில் தண்ணீர் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். பெரியப்பா மகள் பாக்கியமும் நானும் ஒரே வகுப்பு. மணல் வண்டி மேல் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஆறாம் வகுப்பில் எந்த இடத்தில் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

வேம்பும் பூவரசும்

கிட்டங்கியின் தெற்குச் சுவரை ஒட்டி அறை எழும்பியது. சுவர் இடுப்பளவு வந்ததும் பந்தல்குடிக் கொத்தனார் ஒரு கேள்வி கேட்டார். "நிலை யாரு வீட்டு நிலை?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாசலுக்குச் சட்டம் நிறுத்துவதை நிலை வைப்பது என்போம். அதற்கு நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டித் தேங்காய் உடைப்பார்கள். நிலை யாருடையதோ அவர்தான் முதல் தேங்காய் உடைப்பார். கட்டடத்துக்கு அவர்தான் பெரியவர் என்று ஆகிவிடும்.

அய்யா எங்கள் தோட்டத்து வேம்பை அறுத்து ஏற்கெனவே ஒரு நிலை செய்து வைத்திருந்தார். பெரியப்பா பூவரசில் ஒன்று செய்து வைத்திருந்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று இரண்டு பேருமே நினைத்தார்களாம். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் கூட்டம். வேலை நின்று கலவை காய்ந்துவிட்டது. கொத்தனார் பொறுக்க மாட்டாமல் ஒரு வழி சொன்னார். கிட்டங்கிச் சுவரை இடித்துக் கூடத்திலிருந்தே அறைக்குள் போக வாசல் விட்டுவிடலாம், நிலையே வேண்டாம், வெறும் வளைவு போதும் என்றார். அந்த மூன்று நாளில் உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அய்யாவும் பெரியப்பாவும் அன்றைக்குத்தான் ஒரே குரலில் பேசினார்கள். யார் நிலையும் இல்லாத வாசலா, அது என்ன வாசல் என்று கொத்தனாரை அடக்கிவிட்டார்கள்.

கடைசியில் ஊர் கண்டுபிடித்த தீர்வு, இரண்டு வாசல். மேலவீட்டு நிலை மேற்கே, கீழவீட்டு நிலை கிழக்கே. சார் பள்ளிக்கூட மணியை ஒரு தட்டுத் தட்டுவார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தேங்காய் உடைக்க வேண்டும். என்ன மூளை, என்ன மூளை என்று ஊரே தொடையைத் தட்டிக்கொண்டது. ஓர் அறைக்கு எதிரும் புதிருமாக இரண்டு வாசல் வைத்தால் பிள்ளைகள் எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அழுகல்

மணி அடித்தது. இரண்டு தேங்காயும் உடைந்தன. அய்யா உடைத்தது அழுகல்.

கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பெரியப்பாதான் சிரித்தார் என்றார் அய்யா. நான் சிரிக்கவே இல்லை, இருமினேன் என்றார் பெரியப்பா. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அய்யா கையிலிருந்த அழுகல் மூடியை வீசிவிட்டார். அது பூவரசு நிலையில், அப்போதுதான் வைத்த குங்குமத்தின் மேலேயே போய் விழுந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சிரிப்பு, ஒரு தேங்காய் மூடி. வெட்டுக்குத்து இல்லை, போலீஸ் இல்லை. அதற்குப் பிறகும் வேலை நடந்தது. இரண்டு வீடும் தன் தன் பங்கை ஒழுங்காகச் செய்து அறையைக் கட்டி முடித்தன. ஓடு வேய்ந்தார்கள், வெள்ளை அடித்தார்கள். கதவு மாட்டிய அன்றே ஆளுக்கொரு பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சிரித்ததற்கு அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் என் கதவைத் திறக்கிறேன் என்றார் அய்யா. எறிந்ததற்கு அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் என் கதவைத் திறக்கிறேன் என்றார் பெரியப்பா. முதலில் திறக்கிறவர் இறங்கிப் போனவர். முதல் தேங்காய்க்கு அடித்துக்கொண்டவர்கள், முதலில் திறக்காமல் இருக்கப் போட்டி போட்டார்கள். ஒரு கதவு திறந்தால் போதும், இன்ஸ்பெக்டர் உள்ளே போய்விடலாம். அந்த ஒன்றுதான் திறக்கவில்லை.

என் அண்ணனும் பாக்கியத்தின் அண்ணனும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு பேரும் சிநேகிதர்கள். அந்த அறை திறந்தாலும் மூடினாலும் அந்த இரண்டு அப்பாக்களுக்கும் மகன் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. ரோஷம் காட்ட அவர்களுக்கு அதைவிட மலிவான இடம் கிடைத்திருக்காது.

அம்மா ஒரே ஒரு தடவை பேச்செடுத்தாள். அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை படிப்பு நின்றுபோகுமே என்றாள், குரலே எழும்பாமல்.

"பிள்ள எங்க போகப் போகுது?" என்றார் அய்யா.

உண்மைதான். நான் எங்கே போகப் போகிறேன்?

நீட்டிய கை

சாவி யோசனை பாக்கியத்துடையது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று அவள் அவள் வீட்டுச் சாவியைக் கொண்டுவருவது, நான் எங்கள் வீட்டுச் சாவியைக் கொண்டுவருவது. இரண்டு கதவும் சேர்ந்து திறந்துவிட்டால் யாரும் இறங்கிப் போனதாக ஆகாது அல்லவா? பெரியவர்கள் மூன்று நாள் கூட்டம் போட்டுக் கண்டுபிடிக்காததை அவள் நெல்லிக்காய் தின்றுகொண்டே கண்டுபிடித்துவிட்டாள்.

எங்கள் வீட்டுச் சாவி சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். எடுத்துவிட்டேன். பெரியப்பா தன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். பாக்கியம் வெறுங்கையோடு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

நான் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. இன்ஸ்பெக்டர் தோல் பையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டார். மேற்கு வாசல் பக்கம் அய்யா பத்துப் பேரோடு நிற்கிறார். கிழக்கு வாசல் பக்கம் பெரியப்பா பத்துப் பேரோடு நிற்கிறார். நான் நேரே நடுவில் போய்ச் சாவியை நீட்டினேன்.

"சார், இந்தாங்க. எங்க வீட்டுச் சாவி."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அட, என்று கையை நீட்டினார். அவர் விரல் படுவதற்குள் இன்னொரு கை குறுக்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டது. சங்கரலிங்கம் சாருடைய கை.

அவர் திறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆறாம் வகுப்பு ஆசையைக் காட்டியவரே அவர்தானே. அவர் சாவியோடு மேற்கு வாசல் பக்கம் நடந்தார். பூட்டைத் தாண்டி நடந்தார். அய்யா முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் சாவியை நீட்டினார்.

"பிள்ள தெரியாம எடுத்துட்டு வந்துருச்சு" என்றார்.

தெரியாமலா எடுத்து வந்தேன்? அவருக்கு இரண்டு வீட்டுத் தயவும் வேண்டும், அந்த ஊரில் காலம் தள்ள வேண்டும், எல்லாம் எனக்கு இன்றைக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அய்யாவைக்கூடச் சில வருடங்களில் மன்னித்துவிட்டேன். சாரை மன்னிக்க முடியவில்லை. பின்னாளில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருதரம் பார்த்தேன். நரைத்துப் போயிருந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன். என்ன படிக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் விட்டுவிட்டார்.

அய்யா சாவியை மடியில் செருகிக்கொண்டு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். போகும்போது என்னிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். அஞ்சு என்றேன்.

"நல்லாப் படிம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

வீட்டில் அய்யா என்னை அடிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் அடியோடு போயிருக்கும். அவர் அவ்வளவு சாதாரணமாக இருந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆறாம் வகுப்பு ரோட்டோரத்து ஊர் ஒன்றுக்குப் போனது. எட்டாவதை நான் எழுதியது முப்பது வயதில், தனித்தேர்வாக, மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில். அதை இன்னொரு வாரம்தான் எழுத வேண்டும். எங்கள் அறையை இன்ஸ்பெக்டர் போன பிறகும் யாரும் திறக்கவில்லை. எழுபதுகளில் ரோட்டடியில் புதிதாகச் சிமெண்ட் கட்டடம் வந்தது. ஆளில்லாத அறையைக் கரையான் தின்றது. வேம்பை விட்டுவிட்டுப் பூவரசைத் தின்றது என்று அய்யா கொஞ்ச காலம் சந்தோஷமாக இருந்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள்

எனக்குப் பதினாறு நடக்கும்போது திருச்சுழிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் அடுப்படியில் காப்பியோடு கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது.

பிள்ளை எதுவரைக்கும் படித்திருக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

அய்யா கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. ஐந்து முடித்திருக்கிறது, ஆறாவதுக்கு அறை கட்டிக் கொடுத்ததே நாங்கள்தான் என்று ஆரம்பித்தார். கொத்தனார், நிலை, தேங்காய், சிரிப்பு, பூட்டு, ஒன்றுவிடாமல் சொன்னார். நன்றாகச் சொன்னார். பல இடத்தில் சொல்லிப் பழகிய கதை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இன்ஸ்பெக்டரு நிக்காரு. ஊரே பாக்குது. பெத்த மக சாவியத் தூக்கிட்டு வந்து நீட்டுறா. நான் அசையலையே. வீட்டு மானம்னு வந்துட்டா பிள்ளையாவது, குட்டியாவது."

அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒருவர் கேட்டால் போதும் என்று இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தொடையில் ஓங்கித் தட்டினார்.

"இப்பிடி வீட்டுலதான்யா பொண்ணெடுக்கணும்."

அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.